சூரியனுக்காகப் பேசிய விஞ்ஞான ரீச்சர்

இணுவிலில் இருபத்தேழு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கும் ஜெயகௌரி ரீச்சர், தனக்கு ஒருவர் மீதும் பொறாமை கிடையாது என்பார். டிலக்ஷி அந்தக் கணக்கில் சேர்த்தியில்லை. அவள் அதே பள்ளிக்கூடத்துக்குப் போன வருடம் வந்த தமிழ் ரீச்சர். காலைக் கூட்டத்தில் அவள் வாய் திறந்தால் பின்வரிசைப் பெடியன்களும் கப்சிப். பார்க்கப் பார்க்க ஜெயகௌரிக்கு வயிறு எரியும்.

வாசிகசாலை ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். பூமி சூடாவதற்குப் பெரிதும் காரணம் இயற்கையா, மனிதனா? தன் பாடமாயிற்றே, மனிதன் பக்கம் தனக்குத்தான் என்று ஜெயகௌரி இருந்தார். நடுவர் அதைத் தூக்கி டிலக்ஷிக்குக் கொடுத்துவிட்டார்.

"நீங்கள் எந்தப் பக்கமும் கதைப்பியள்தானே ரீச்சர்," என்று ஒரு சமாளிப்பு வேறு.

காபனீரொட்சைட்டு வாயுவின்ரை பேரைக்கூடத் தடக்காமல் சொல்லத் தெரியாதவளுக்கு என்ரை பாடமோ? அன்றைக்கு ரீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

மேடையில் டிலக்ஷி நிலக்கரி, பெற்றோல், காடழிப்பு என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஜெயகௌரி எழும்பினார். சூரியனின் கரும்புள்ளிகள், எரிமலைகள், பனியுகங்கள் என்று அடுக்கினார். ஒன்றும் பொய்யில்லை. கடந்த நாற்பது வருடத்தில் சூரியனின் வெப்பம் கூடவில்லை என்பதையும், எரிமலைகள் எல்லாம் சேர்ந்து விடும் காபனீரொட்சைட்டு மனிதர் விடுவதில் நூறில் ஒரு பங்குகூட வராது என்பதையும் மட்டும் விழுங்கிவிட்டார்.

"தங்கச்சி, பனியுகத்துப் பனி உருகேக்கை ஆரின்ரை மோட்டச்சைக்கிள் ஓடினது?"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. டிலக்ஷியின் முகம் வாடியதை ஜெயகௌரி ஆசைதீரப் பார்த்தார். தீர்ப்பும் இயற்கைக்கே வந்தது.

இரண்டு கிழமையில் தவணைப் பரீட்சை. அண்மைக்கால வெப்பநிலை உயர்வுக்குப் பிரதான காரணம் என்ன என்று பத்தாம் தரத்துக்குக் கேட்டிருந்தார். ஒருத்தியைத் தவிர முழு வகுப்பும் சூரியன், எரிமலை என்று எழுதியிருந்தது. சிவப்புப் பேனையால் பிழை போட்டே கை உளைந்தது.

விடைத்தாளைக் கொடுத்ததும் நிருஷன் எழும்பினான்.

"ரீச்சர், நீங்கள்தானே வாசிகசாலையிலை சொன்னனீங்கள்?"

"அது பட்டிமன்றமடா! இருபத்தேழு வருசமா இங்கை நான் என்ன சொல்லுறன்?" சரியாக எழுதிய கீர்த்திகாவின் பக்கம் திரும்பினார். "நீயாவது நான் படிப்பிச்சதை மறக்கேல்லைப் பிள்ளை."

"இல்லை ரீச்சர். டிலக்ஷி ரீச்சர் அண்டைக்குச் சொன்னதைத்தான் எழுதினனான்."

ஜெயகௌரி அவளுடைய தாளைத் திரும்ப வாங்கி, மேலிருந்து கீழ்வரை வாசித்தார். அரைப் புள்ளி குறைக்கவும் அதில் இடமிருக்கவில்லை.