‘லைட்டு அடிக்காத!’

போன கோடையின் தொடக்கத்தில், கடத்தூர் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நடந்தது இது.

சக்திவாய்ந்த டார்ச் லைட்டுகள் என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. நாலைந்து வைத்திருக்கிறேன். அதில் பெரியது, எதிரே இருக்கும் கரட்டின் உச்சிப் பாறையையே பளிச்சென்று காட்டும். கரண்ட் போனாலும், கடலைக் காட்டில் பன்றி இறங்கினாலும் அதுதான் துணை. வீட்டுக்கு யார் வந்தாலும் பட்டனை இரண்டு முறை அழுத்தி, முழு வெளிச்சத்தையும் காட்டாமல் அனுப்ப மாட்டேன். “வூட்ல வெளிச்சம் இருக்கோ இல்லியோ, கரட்டுக்கு நல்லா வெளிச்சம்” என்று என் மனைவி கிண்டல் செய்வாள். ஒரே குறை, முழு வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் எரிந்தாலே சூடாகித் தானாக மங்கிவிடும். அதற்காக அதைச் செய்தவனை நான் திட்டாத நாளில்லை.

அன்று சாயங்காலம் மோட்டார் கட்டியிருந்த கயிறு கிணற்றுக்குள் ஒரு கல்லில் சிக்கிக்கொண்டது. வெளியே வெயில் இருந்தாலும் உள்ளே இருட்டிவிட்டது. தலையில் மாட்டும் லைட்டை சார்ஜில் போட்டு வீட்டிலேயே மறந்துவிட்டேன். பெரிய டார்ச்சை மனைவியிடம் கொடுத்து, எதிர்ச் சுவரில் அடிக்கச் சொல்லிவிட்டு இறங்கினேன். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கற்கள்தான் படி. நடுவில் ஒரு கல் பெயர்ந்துவிட்டதால் அங்கே மட்டும் காலை எட்டி வைக்க வேண்டும்.

கயிற்றை எடுத்துவிட்டு ஏறினேன். அந்த இடத்தில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, அடுத்த கல் எங்கே என்று நிமிர்ந்தேன். எனக்கு உதவுவதாக நினைத்து அவள் டார்ச்சை நேரே என் மேல் திருப்பினாள். கண் கூசி எதுவும் தெரியவில்லை. கீழே பாறையும் முழங்கால் தண்ணீரும்தான்.

“லைட்டு அடிக்காத!” என்று கத்தினேன்.

கிணற்று எதிரொலியில் அவளுக்கு “லைட்டு அடி” என்பது மட்டும்தான் கேட்டிருக்கிறது.

“இருங்க, இன்னும் கூட்டி வெக்கறேன்!” என்று பதறி, பட்டனை இரண்டு முறை அழுத்திவிட்டாள்.

கண்ணை மூடினாலும் வெளிச்சம் உள்ளே வந்தது. தூக்கிய காலைத் திரும்ப வைக்கலாம் என்றால் கீழ்க் கல்லும் அகப்படவில்லை. “அடிக்காத, அடிக்காத” என்று நான் கத்தக் கத்த, அவள் இன்னும் குனிந்து அடித்தாள். கை வியர்த்து வழுக்கியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரமாயிற்றே என்று நினைத்தேன். செத்துவிடுவேன் என்றே பயந்தேன்.

அப்போது வெளிச்சம் இறங்க ஆரம்பித்தது. டார்ச் சூடாகிவிட்டது!

“ஐயோ, மங்குதுங்களே!” என்று மேலே அவள் அழ, கீழே எனக்கு மெல்ல மெல்லக் கல் தெரிந்தது. எட்டிக் கால் வைத்தேன்.

மேலே வந்து விஷயத்தைச் சொன்னதும் அவள் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டாள். “நீங்க அடின்னுதானுங்களே சொன்னீங்க” என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

டார்ச் செய்தவனை இப்போது நான் திட்டுவதில்லை. ஆனால் நம் பேச்சில் மறுப்பு எப்போதும் வார்த்தையின் வாலில்தான் வருகிறது, அது எங்கே அறுந்துபோகுமோ என்ற பயம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அதனால் வீட்டில் யாரை அவசரமாகத் தடுப்பதானாலும், ‘வேணாம்’ என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறேன்.