சோத்து டீச்சர்கள்

ஆப்பிள் படத்தை மாட்ட மாட்டேன் என்று சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த எங்கள் அலுவலகத்துக்குச் சென்னையிலிருந்து வண்ணப் படங்கள் வந்திருந்தன. கன்னம் சிவந்த ஒரு பையன் கண்ணாடி டம்ளரில் பால் குடிக்கிறான். அவன் முன்னால் ஆப்பிள், திராட்சை, வெண்ணெய் தடவிய ரொட்டி. பள்ளிக்கூடங்களுக்குப் போய் உணவைப் பற்றிப் பாடம் நடத்தப்போகும் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அந்தப் படத்தைச் சுவரில் மாட்டி, அதில் இருப்பதையெல்லாம் சாப்பிட வேண்டும் என்று அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமாம்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. அரிசி கிடைக்காத காலம். ரேஷன் கடையில் கோதுமையை வாங்கி வந்து, அதை என்ன செய்வதென்று தெரியாமல் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த வீடுகள். அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் போய் ஆப்பிளைக் காட்டச் சொன்னார்கள்.

"இதப் பாத்தா பசங்களுக்குப் பசிதான் சார் ஜாஸ்தியாவும்," என்றேன் என் அதிகாரியிடம்.

அவர் கெட்டவர் அல்ல. எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தாமலே, "வந்தத மாட்டிட்டுப் போங்கம்மா. நமக்கென்ன?" என்றார்.

"மாட்ட மாட்டேன் சார்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். ஒரு பெண் அவர் மேஜைக்கு எதிரே நின்று அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவையாக இருந்திருக்கும். எனக்கு அது புதிதல்ல. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வைத்திருந்த விவசாயக் குடும்பம் எங்களுடையது. மாமா மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு மனையியல் படிக்கப் போனவள் நான். அதன் பிறகு அதிகாரியிடம் சொல்வதெல்லாம் சுலபம்.

ஓராண்டு சேவைக்கு வந்த அந்தப் பெண்களுக்கு அரசாங்கம் 'சேவிகா' என்று பெயர் வைத்திருந்தது. பள்ளிப் பிள்ளைகள் 'சோத்து டீச்சர்' என்று வைத்தார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் பிடித்தது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வாடகை வீட்டில் எல்லாரும் சேர்ந்து இருந்தோம். அவர்களைவிட எனக்கு நாலைந்து வயதுதான் கூடுதல் என்பதால் எல்லாருக்கும் நான் அக்கா.

அவர்களில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருத்தி தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். அவள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள். பேசினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். இன்னொருத்தி சிதம்பரத்து முஸ்லிம் வீட்டுப் பெண். அவளுடைய அத்தா மலேயாவில் இருந்தார். வளர்த்தது தாய்மாமா. சிதம்பரத்தில் வெல்ல மண்டி வைத்திருந்த அந்த மாமா அவளைத் தானே கொண்டுவந்து விட்டார். வீட்டைக் கொல்லைப்புறம் வரைக்கும் சுற்றிப் பார்த்துவிட்டு, "எதுனா ஒரு பேச்சு வந்துச்சு, அன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுவேன். சொல்லிட்டேன்," என்று என்னிடம் எச்சரித்துவிட்டுப் போனார்.

மாலை வேளைகளில் தேவனாம்பட்டினம் கடற்கரையில்தான் பயிற்சி. ஒருத்தி டீச்சராக நிற்பாள். மற்றவர்கள் பிள்ளைகளாக மணலில் உட்கார்ந்து அவளைப் படாத பாடு படுத்துவோம். எல்லாரையும்விட மோசமான பிள்ளை நான்தான். பாடத்தை அறிவுரையில் ஆரம்பிக்கக் கூடாது, "காலையில இன்னா சாப்ட்டீங்க?" என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். பிள்ளை எதைச் சொன்னாலும் முகம் சுளிக்கக் கூடாது.

அன்று சிதம்பரத்துப் பெண் டீச்சர். என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணும் சாப்பிடல டீச்சர்," என்றேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுதா எப்பிடி? நாளைக்கு நெசமாவே ஒரு புள்ள சொல்லும்," என்றேன்.

"சொன்னா நான் இன்னாக்கா சொல்றது? சத்துள்ள ஆகாரம் சாப்பிடணும்னா?"

எனக்கும் தெரியவில்லை. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை. அலை ஓரமாக நின்றிருந்த தேவனாம்பட்டினத்துப் பெண் வந்து உட்கார்ந்தாள். "பசியோட இருக்குற புள்ளைக்கு இன்னா பாடம் ஏறும்? மொதல்ல எல்லாருக்கும் ஒரு வாய் குடுத்துட்டு அப்பறம் பேசுவோம். எல்லாருக்குமே குடுத்துட்டா யாரு பட்டினின்னு யாருக்கும் தெரியாது," என்றாள்.

இருட்டும்வரை அதைப் பற்றித்தான் பேசினோம். வறுத்த கேழ்வரகு மாவு, இடித்த மல்லாட்டை, வெல்லம். எங்கள் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்வோம். இதைப் பிள்ளைகளையே உருண்டை பிடிக்கவைத்துச் சாப்பிடச் சொல்வது, அதன் பிறகு கேள்வி, அதன் பிறகு பாடம் என்று முடிவானது. பாடம் அவர்கள் வீட்டில் இருப்பதைப் பற்றித்தான். முருங்கைக்கீரை, கம்பு, பலாக்கொட்டை, கருவாடு. சென்னையிலிருந்து வந்த குறிப்பில் இதில் ஒரு வரிகூட இல்லை. நாங்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

தேவனாம்பட்டினத்துப் பெண்ணைச் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கு அனுப்பினேன். கெட்டிக்காரி, கூட்டமான வகுப்பைச் சமாளிப்பாள் என்ற நம்பிக்கை. சில நாள் நன்றாகத்தான் போயிற்று. ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

வகுப்பில் ஒரு பையன், காலையில் பழையதும் கருவாடும் சாப்பிட்டதாகச் சொல்லியிருக்கிறான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். "அதையெல்லாம் இங்க சொல்லக் கூடாது," என்று வகுப்பு வாத்தியார் அவனை உட்காரச் சொல்லியிருக்கிறார். இவள் விடவில்லை. "எழுந்திருடா தம்பி. நெத்திலியா, வாளையா?" என்று கேட்டு, கரும்பலகையில் நெத்திலி மீனை வரைந்து, அதை முள்ளோடு மென்று தின்றால் எலும்புக்கு எவ்வளவு நல்லது என்று பாடம் நடத்தியிருக்கிறாள். மத்தியானம், பிள்ளைகளுக்குப் போடும் கோதுமை ரவை உப்புமாவில் கலக்க முருங்கைக்கீரையை ஆய்ந்து எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனபோது பள்ளித் தாளாளர் வாசலிலேயே மறித்துவிட்டார்.

"'நீ வெளிய நில்லும்மா, கீரைய அங்கயே வச்சிடு'ன்னாருக்கா. ஆயா வந்து கீரை மேல தண்ணி தெளிச்சு எடுத்துட்டுப் போச்சு." அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் தாழ்ந்தது. பிறகு நிமிர்ந்து, "என்னை வேற எடத்துக்கு மாத்தாதீங்க. மாத்துனீங்கன்னா நான் வீட்டுக்குப் போயி மீன் கூடை தூக்குறேன்," என்றாள்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. "அவரு ஊர்ல பெரிய மனுஷரு. அந்தப் பொண்ண அவ ஊர்லயே போட்டுட்டு வேற ஆள அனுப்புங்க. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கம்மா," என்றார் அதிகாரி.

நான் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். தாளாளர் என்னை மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுத்தார். அந்த மரியாதைதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"உங்கள மாதிரி குடும்பத்துப் பொண்ணு ஒண்ண அனுப்புங்கோ. சந்தோஷமா ஏத்துக்கறேன். இது சிதம்பரம்மா, தேவனாம்பட்டினம் இல்ல," என்றார்.

"உங்க பள்ளிக்கூடத்துல கருவாடு திங்குற பிள்ளைங்க படிக்குதா இல்லையா?"

"படிக்கறதுகள். அதுக்காக அதப் பாடமா நடத்தணுமா?"

"அவுங்க சாப்பாட்டப் பத்தி அவுங்களுக்குச் சொல்லத்தான் நாங்க வர்றோம். அந்தப் பொண்ணுதான் வருவா. சமையக்கட்டுக்குள்ளயும் வருவா. இல்லன்னா யாரும் வரமாட்டாங்க."

"யாரும் வர வேண்டாம்," என்றார் அவர்.

மோரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அன்றிரவு வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். சிதம்பரத்துப் பெண் வழக்கமாகக் கடைசியில்தான் வாயைத் திறப்பாள். அன்று அவள்தான் முதலில் பேசினாள். "அனுப்புனா என்னைத்தான் அனுப்புவாங்க, என் ஊராச்சே. நான் போவ மாட்டேன்க்கா. அவளை நிறுத்துன வாசல்ல என்னை மட்டும் உள்ள விடுவாங்களா? விட்டாலும் போவ மாட்டேன்." சற்று யோசித்துவிட்டு, "மாமா மண்டி அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்புலதான் இருக்கு," என்றாள்.

மண்டிக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். அவள் மாமா என்ன சொல்வாரோ என்று எனக்குப் பயம்தான். ஒரு பேச்சு வந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொன்ன மனிதர். இப்போது ஊரே பேசும்படியான காரியத்துக்கு அவர் கடை வாசலைக் கேட்டு வந்திருக்கிறோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தேவனாம்பட்டினத்துப் பெண்ணைப் பார்த்து, "கீரைல தண்ணி தெளிச்சாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா மாமா."

அவள் அவரை மாமா என்று கூப்பிட்டதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எழுந்து போய் வாசலில் இருந்த வெல்ல மூட்டைகளைத் தானே புரட்டி ஒதுக்க ஆரம்பித்தார். "என் கடை வாசல்ல யாரு நிக்கணும்னு எவனும் எனக்குச் சொல்ல வேணாம். அடுப்பு மூட்டுறீங்களா, இல்ல உருண்டை மட்டுந்தானா?"

"ரெண்டும் வேணும் மாமா," என்றாள் அவள்.

மறுநாள் மத்தியான மணி அடித்ததும் மண்டி வாசலில் நின்று தேவனாம்பட்டினத்துப் பெண் குரல் கொடுத்தாள். முதலில் வந்தது அந்தக் கருவாட்டுப் பையன். அவன் பின்னால் ஒரு கும்பல். கேழ்வரகு மாவைப் பிசைந்து, முருங்கைக்கீரை போட்டு அடை தட்டினோம். உடைந்த வெல்லத்தை மாமா ஒரு தாம்பாளத்தில் வைத்தார். பிள்ளைகள் வரிசை இல்லாமல், யார் பக்கத்தில் யார் என்று பார்க்காமல் சாக்கு விரிப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கடைவீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சில தாய்மார்கள் வந்து பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதும் உண்டு. மறைக்க வேண்டியதில்லை. ஒருத்தி தன் மகளை முதுகில் ஒரு அடி போட்டே கூட்டிப் போனாள்.

பாதிப் பாடத்தில் அந்த வகுப்பு வாத்தியார் சாலையைக் கடந்து வந்தார். தாளாளர் அனுப்பியிருந்தார். "எல்லாரும் உள்ள வாங்கடா," என்றார். பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள்.

"வாய்ல இருக்குறத மென்னு முழுங்கிட்டுப் போங்க. அவசரமா முழுங்குனா செரிக்காது. இதுவும் பாடந்தான்," என்றாள் அவள்.

வாத்தியார் வெயிலில் நின்றார். பிள்ளைகள் மென்றார்கள். அவ்வளவு நிதானமாகப் பிள்ளைகள் எதையும் மென்று நான் பார்த்ததில்லை. அவர் எதிரில் ஒரு அடையை நான் நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்.

தினமும் இது நடந்தது. மண்டிக்கு வரும் வண்டிக்காரர்கள்கூட நெத்திலியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தொடங்கினார்கள். ஒருநாள் பள்ளியைப் பார்வையிடக் கல்வித் துறையிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். உணவுப் பாடம் எங்கே நடக்கிறது என்று கேட்டபோது பிள்ளைகள் எல்லாரும் சாலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டியிருக்கிறார்கள். அந்த அம்மாள் வந்து, சாக்கில் உட்கார்ந்து, பாடம் முடியும்வரை கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் தாளாளர் ஆள் அனுப்பினார். அந்தப் பெண் வகுப்புக்கு வரலாம், கருவாட்டைப் பற்றியும் பேசிக்கொள்ளலாம், சமையற்கட்டுக்குள் மட்டும் போகக் கூடாது என்று.

நான் அவளிடமே கேட்டேன். அவள் முடிவுதான் என்று சொல்லியும் விட்டேன். ஒப்புக்கொள்வாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டால் பிள்ளைகளுக்கு நிழலாவது இருக்கும்.

"வாய் மட்டும் உள்ள வரலாம், கை வரக் கூடாதாமா?" என்று கேட்டாள். "போவ மாட்டேன்க்கா. எனக்கு இந்தத் தெருவே போதும்."

சேவைக் காலம் முடியும்வரை அவள் தெருவிலேதான் நடத்தினாள். அந்தப் பள்ளிக்குள் கடைசிவரை காலை வைக்கவில்லை. மழை வந்த நாட்களில் மாமா மண்டிக்குள்ளேயே இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பிள்ளைகள் மூட்டைகள் மேல் ஏறி உட்கார்ந்து பாடம் கேட்டார்கள்.

என் விஷயம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. தெருவில் பாடம் நடத்தவிட்டதற்கு அலுவலகத்தில் விளக்கம் கேட்டுக் கூப்பிட்டார்கள். அதிகாரிக்கு என் மேல் பரிதாபம்தான். "தெரியாம நடந்துடுச்சுன்னு சொல்லிடுங்கம்மா. நான் பாத்துக்கறேன்," என்றார்.

"தெரிஞ்சுதான் சார் செஞ்சேன். மறுபடியும் அதே நடந்தா மறுபடியும் அதையேதான் செய்வேன்."

விருத்தாசலம் பக்கம் மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. அப்படித்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அம்மா பண்ருட்டியிலிருந்து வந்து, இத்தோடு வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடு என்று அழுதாள். நான் பெட்டியைக் கட்டினேன். கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாமே என்று பின்னாளில் என்னிடம் சொன்னவர்கள் பலர். எதைப் பொறுத்துப்போவது என்று அவர்களைத் திருப்பிக் கேட்டேன்.

கடலூர் பஸ் நிலையத்துக்கு எல்லாப் பெண்களும் வந்திருந்தார்கள். சிதம்பரத்துப் பெண் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பஸ் நகர்ந்ததும் தேவனாம்பட்டினத்துக்காரி கூடவே ஓடிவந்தாள்.

"அங்க போயி அடங்கிடாதீங்கக்கா!" என்று கத்தினாள்.

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஏம்மா, எந்த ஊரு சண்டைக்குப் போறீங்க?" என்று கேட்டார்.

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.