தோப்புக்கு அனுப்பிய எழுபத்தாறு பேர்

ஞானகுமாரி டீச்சரைப் பட்டாபிராமிலும் நெமிலிச்சேரியிலும் தெரியாதவர்கள் குறைவு. இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்ன மிஷன் பள்ளியில் இருபது வருடம் தலைமை ஆசிரியையாக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெயிலோ மழையோ, கையில் கறுப்புக் குடை. நான் நாலு வருடம் வடக்கே பல ஊர் சுற்றிவிட்டு இந்த மாசியில் திரும்பியபோது, அதே பள்ளியில் அவர் இரண்டாவது ஆசிரியையாக முதல் வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். அவரே சொன்னார். அவர் விட்டதைப் பள்ளியைப் பெருக்கும் முனியம்மா சொன்னாள்.

அது ஒரே ஒரு கீற்றுக் கொட்டகை. நாற்பது பிள்ளைகள் இருந்த காலத்தில் அது போதும். யுத்தம் வந்தது, ராணுவச் சரக்கு ரயில் நிற்கும் சைடிங் வந்தது, மூட்டை தூக்க எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் வந்து குடிசை போட்டன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலில் ரிஜிஸ்டரில் நூற்று முப்பத்து நாலு பேர். பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடித்து சிலேட்டில் எழுத்து கோணும். மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு கத்தினால் இரண்டாம் வகுப்புக்குத் தன் பாட்டு மறந்துபோகும். மழை பெய்தால் வெளியே மரத்தடியில் இருக்கும் ஐந்தாம் வகுப்பும் உள்ளே வந்துவிடும். எல்லோரும் நின்றபடியே பாடம் கேட்பார்கள்.

ஓடு போட்ட இரண்டு அறை வேண்டும் என்று டீச்சர் ஒரு வருடம் மனு எழுதினார். நெமிலிச்சேரி விவசாயி பரந்தாமன் பத்து சென்ட் நிலம் தருவதாகச் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது ஒன்றுதான். வருடாந்தரப் பரிசோதனைக்கு வரும் இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்து, இடம் போதவில்லை என்று எழுத வேண்டும்.

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் எந்தப் பள்ளியிலும் ஒரு வழக்கம் உண்டு. சாணி மெழுகி, மாவிலை கட்டி, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத் தலைவாரி முன்னால் உட்கார வைப்பார்கள். சிரங்கு பிடித்தவர்களும், கிழிந்த பாவாடைக்காரிகளும், வாய்ப்பாடு வராதவர்களும் அன்றைக்கு வர வேண்டாம். டீச்சருக்கு இதில் கூடுதல் பயம் வேறு. முன்பு ஒரு இன்ஸ்பெக்டர் குறிப்புப் புத்தகத்தில் 'ஒழுங்கு போதாது' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்.

முதல் நாள் சாயங்காலம் அவர் பட்டியல் போட்டார். ஐம்பத்தெட்டுப் பேர் கொட்டகையில். எழுபத்தாறு பேர் முனியம்மாவோடு பரந்தாமனின் மாந்தோப்பில்.

அப்போது இரண்டாவது வாத்தியாராக இருந்த ஜேசுராஜ் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம்.

"இன்னா டீச்சரம்மா இது? எடம் பத்தலன்னு காட்டணும். நீங்க ஆளையே கொறைச்சிக்கினு கீறீங்க. அல்லாரையும் வரச் சொல்லுங்க. உள்ள நொழைய முடியாம அவரு வாசல்ல நின்னாத்தான் ஒறைக்கும்."

"சந்தைக்கடை மாதிரி காட்டச் சொல்றீங்களா சார்? ஒழுங்கா நடத்துற பள்ளிக்கூடத்துக்குத்தான் கட்டடம் குடுப்பாங்க."

"அப்போ சரி. ஒழுங்கைப் பார்த்துட்டு டீ குடிச்சிட்டுப் போயிடுவாரு."

மறுநாள் எல்லாம் அழகாக நடந்தது. பிள்ளைகள் ஒரே குரலில் பாடினார்கள். இன்ஸ்பெக்டர் சந்தோஷப்பட்டார். பிறகு ரிஜிஸ்டரைத் திறந்தார்.

"நூத்தி முப்பத்தி நாலுன்னு இருக்கு. இங்க அறுபது பேர்கூட இல்லையே அம்மா?"

இல்லாத பிள்ளைகளின் பெயரை எழுதி சர்க்கார் கிராண்ட் பணம் வாங்கும் பள்ளிகள் அந்தக் காலத்தில் உண்டு. அவர் கேட்டது அதைத்தான் என்று டீச்சருக்கு உடனே புரிந்தது. தோப்பு அரை பர்லாங்குகூட இல்லை. ஜேசுராஜ் எழுந்து வாசலுக்கே போய்விட்டார்; டீச்சர் தலையசைத்தால் போதும், ஒரு குரல் கொடுத்து அத்தனை பேரையும் வரவழைத்திருப்பார். ஆனால் சேறும் சிரங்குமாக எழுபத்தாறு பேர் வந்து நின்றால், ஏன் ஒளித்தீர்கள் என்று கேட்பாரே.

"ஊர்ல காய்ச்சல் சார். நிறைய பேர் வரல."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அவருக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும். குறிப்புப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'ஒழுங்கு மிக நன்று. வருகைக்கு இப்போதுள்ள இடம் போதும். ரிஜிஸ்டரை உண்மையான வருகைக்குத் தக்கபடி திருத்தவும்.' அந்த மனிதர் பார்த்ததைத்தான் எழுதினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கட்டட மனு திரும்பி வந்தது. அன்றைக்குக் கொட்டகையில் இருந்த ஐம்பத்தெட்டுப் பேரை மட்டும் வைத்துக்கொள்ளும்படி மிஷனிலிருந்தும் கடிதம் வந்தது. யாரை நிறுத்துவது என்று டீச்சர் யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பட்டியல் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. முனியம்மாவின் மகள் தாட்சாயிணியின் பெயரையும் அவரேதான் அடித்தார்.

ஆறு மாதம் பொறுத்தார். பிறகு, பிள்ளைகளை ஒளித்ததையும் காய்ச்சல் என்று பொய் சொன்னதையும் மிஷனுக்கு எழுதிவிட்டார். அதனால் அவர் பதவி போயிற்று. ஜேசுராஜ் தலைமை ஆசிரியரானார். கட்டடம் வரவில்லை, யுத்தம் முடியட்டும், பார்க்கலாம் என்றார்கள். யுத்தம் முடிந்தும் பார்க்கவில்லை. பரந்தாமன் காத்திருந்து பார்த்துவிட்டு அந்தப் பத்து சென்டில் வேர்க்கடலை போட்டுவிட்டார்.

போன மாதம் ஒரு பிள்ளை ஊர் மாறிப்போனதால் பள்ளியில் ஓர் இடம் காலியானது. தாட்சாயிணியைத் திரும்பச் சேர்க்க டீச்சர் முனியம்மாவின் குடிசைக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

"இன்னாத்துக்கு டீச்சரம்மா இப்போ?" என்றாள் முனியம்மா. கோபமாகச் சொல்லவில்லை. "அது சைடிங்ல சாக்கு தைக்கப் போய்கினு கீது. அன்னிக்கி தோப்புல கொயந்தைங்கள வாய மூடி உக்கார வெச்சிக்கினு இருந்தேன். ஒரு கொரல் குடுத்திருந்தா அல்லாம் ஓடியாந்திருக்குமே."

டீச்சர் குனிந்துகொண்டார். "தெரியும் முனியம்மா."

தாட்சாயிணி உள்ளே சோறு தின்றுகொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவோடு நின்றுபோனவள்.

"திங்கட்கிழமை வா தாயி. இடம் இருக்கு," என்றார் டீச்சர்.

"ஒரு எடம்தானே டீச்சர்? எங்க குடிசை வரிசைலயே பள்ளிக்கூடம் போகாம இன்னும் ஒம்போது பேர் கீறாங்க. சின்னதுங்க. அதுங்கள்ல ஒண்ண சேத்துக்கோங்க. எனக்கு வயசாயிடிச்சி."

சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். நாங்கள் அந்த வரிசையில் குடிசை குடிசையாக ஏறி இறங்கினோம். ஒன்பது இல்லை, பதினான்கு பேர் இருந்தார்கள். டீச்சர் பெயர்களை எழுதிக்கொண்டே வந்தார். கடைசிக் குடிசை வாசலில், இதில் யாரைச் சேர்ப்பது என்று என்னைக் கேட்டார்.