செண்பகம் அக்கா அழ வந்த நாள்

போன வாரம் முழுக்கச் சாரல் விட்டபாடில்லை. என் கவுன்சலிங் அறை தென்காசியில், குற்றாலம் ரோட்டில், ஒரு மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மலை. அன்றைக்கு மலையே இல்லை… மேகம் இறங்கி வந்து அதை மூடிவிட்டிருந்தது. இந்த மாதிரி நாட்களில் நான் பாதி விழிப்பிலும் பாதி கனவிலும்தான் உட்கார்ந்திருப்பேன். ஆள் வந்தால் விழிப்பு, வராவிட்டால் கனவு. தொழில் தொடங்கிய புதிதில் கனவுக்குத்தான் நேரம் அதிகம்!

கனவில் என் மாடிப்படியில் கூட்டம் நிற்கும். அருவியில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே ஏறி வந்து, "அப்படியே மனசையும் கொஞ்சம் பாருங்க" என்பார்கள். நான் எல்லோருக்கும் நிதானமாகக் காது கொடுப்பேன்.

என் பழைய வேலையைச் சொல்லிவிடுகிறேன். பல் மருத்துவமனையில் ஹைஜீனிஸ்ட் — அடுத்தவர் பல்லில் படிந்த காறையை எடுக்கிறவள். பல்லை மட்டுமா பார்க்கிறோம்? சிலருக்குக் கடைவாய்ப் பற்கள் தேய்ந்து மொட்டையாக இருக்கும். பகலில் அடக்கி வைத்த கவலை தூக்கத்தில் பல்லைக் கடிக்க வைத்துவிடும். "தூக்கத்தில் பல்லைக் கடிப்பீங்களா?" என்று கேட்டால் போதும்… கண் கலங்கிவிடும். அதற்கு மேல் கேட்க எனக்கு நேரமும் கிடையாது, படிப்பும் கிடையாது. அதற்குள் டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். அந்தக் கலங்கிய கண்கள்தான் என்னைக் கவுன்சலிங் படிக்க வைத்தன. படித்தேன், வேலையை விட்டேன், பிரம்பு நாற்காலிகள் வாங்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்று வரவேண்டியவர் பக்கத்து ஊரான சுரண்டையிலிருந்து செண்பகம் அக்கா. பல் சுத்தம் செய்ய வந்து பழக்கமானவர். முந்தின நாள் போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"எம் மக கோமதி, இஷ்டப்பட்டவனைக் கட்டிக்கிட்டு பெங்களூருல இருக்காம்மா. வீட்டுல அவ பேரையே எடுக்கப்பிடாதுன்னுட்டாவ. எனக்கு அவ பேரைச் சொல்லி ஒரே ஒரு தடவை அழணும். உங்க ரூம்ல வந்து அழுதுக்கிடலாமா?"

இவ்வளவு தெளிவாகத் தன் தேவையைச் சொன்னவரை நான் பார்த்ததில்லை. வாங்கக்கா என்றேன்.

வந்தார். கூடவே அவர் கணவரும் வந்தார், உரக்கடை அண்ணாச்சி. தூக்கம் வராததற்கு வைத்தியம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார் அக்கா.

நம் ஊர் வழக்கம்தான் தெரியுமே? மனைவிக்குக் காய்ச்சல் என்றாலும் டாக்டரிடம் பேசுவது கணவர்தான். பல் ஆஸ்பத்திரியிலாவது அதில் ஒரு நியாயம் உண்டு — அக்காவின் வாய்க்குள் என் கருவி இருக்கும். இங்கே?

"அண்ணாச்சி, நீங்க கொஞ்ச நேரம் கீழ டீக்கடையில இருக்கீங்களா?"

"எதுக்கு? அவளுக்குச் சொல்லத் தெரியாதும்மா. நீங்க கேளுங்க, நான் சொல்லுதேன்."

நான் அக்காவைப் பார்த்தே கேட்டேன். "தூக்கம் எப்படிக்கா?"

"தூங்கவே மாட்டேங்கா," என்றார் அண்ணாச்சி.

"மனசு எப்படியிருக்கு?"

"மனசுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

"எதையாவது நெனச்சு அழுகை வருதாக்கா?"

"சே! இவளுக்கு அழுகுததுக்கு என்ன இருக்கு?"

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்த காரியம் நடக்காது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது. அண்ணாச்சி மேல் பாதி, வழி தெரியாமல் முழிக்கிற என் மேல் பாதி. மேகம் இப்போது ஜன்னல் வரைக்கும் வந்திருந்தது. அறைக்குள் மங்கலான ஒரு வெள்ளை வெளிச்சம்.

அந்த மயக்கமா, பழைய புத்தியா… எழுந்து போய் செல்போன் டார்ச்சைப் போட்டேன்.

"அண்ணாச்சி, உங்க பல்லைக் கொஞ்சம் பாக்கணுமே. வாயைத் திறங்க."

எனக்குக் கவுன்சலிங் கற்றுத்தந்த மேடம் பார்த்திருந்தால் சர்டிபிகேட்டைப் பிடுங்கியிருப்பார்! ஆனால் பாருங்கள், டார்ச்சைக் காட்டினால் எப்பேர்ப்பட்ட ஆளும் வாயைத் திறந்துவிடுகிறார். அண்ணாச்சியும் "ஆ" என்றார். ஒரு நிமிஷம் அவரைப் பேசவிடாமல் செய்வதுதான் என் நோக்கம். சும்மாதான் குனிந்து பார்த்தேன்.

கடைவாய்ப் பற்கள் அத்தனையும் தேய்ந்து தட்டையாகிக் கிடந்தன.

"அண்ணாச்சி… தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களோ?"

திறந்த வாயோடு அவர் என்ன சொல்வார்? அக்கா சொன்னார்.

"கடிப்பாவ. நறநறன்னு கடிப்பாவ. கோமதி போனதுல இருந்து இப்படித்தான். பேரை எடுக்கப்பிடாதுன்னு சொன்னதும் இவுகதான், பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கதும் இவுகதான். நான் எங்கன போயி அழுவேன்? கோமதி… ஏட்டி கோமதி…"

அழுதார். வாய்விட்டு, மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதார். நான் தடுக்கவில்லை. அதற்குத்தானே வந்தார்?

அண்ணாச்சி மெதுவாக வாயை மூடினார். சத்தம் போடப்போகிறார் என்று பயந்துகொண்டே நின்றேன். அவரோ ஜன்னல் பக்கம் திரும்பி, கனவில் பேசுகிறவர் மாதிரி பேசினார்.

"அவளும் கடிப்பாம்மா. சின்னப்பிள்ளையில இருந்தே உண்டு. நான் எந்திரிச்சுப் போயி கன்னத்துல லேசாத் தட்டுவேன். நிறுத்திருவா. தூக்கம்கூடக் கலையாது."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப அங்கன யாரு தட்டுதாவளோ…"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து போனை எடுத்தார். "கேட்டுருவமா?" என்றார். அண்ணாச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் வந்து நின்றேன். சாரல் முகத்தில் பட்டது. உள்ளே ரிங் போகிற சத்தம்… பிறகு அது நின்றது. அப்புறம் அண்ணாச்சியின் குரல், உடைந்துபோய் —

"ஏட்டி… நல்லாத் தூங்குதியா?"

கவுன்சலர் வெளியே நிற்கும்போதுதான் கவுன்சலிங் நன்றாக நடக்கிறது… இதை எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை!