போட் ஆயில் குடித்த கார்

அந்த வெள்ளைக் காரை நைனா முதன்முதலாகக் கிளப்பிய காலையில் பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். அம்மா இல்லை, தங்கை இல்லை, ஒரே போட்டில் நைனாவோடு கடலுக்குப் போய்வந்த சித்தப்பாக்கள்கூட எட்டிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து நீலப்புகை சுருண்டு எழுந்து திருவொற்றியூரின் உப்புக்காற்றில் கலந்தது. எண்ணெய் கருகிய அந்த வாசனை எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் எங்கள் போட் எஞ்சினுக்கும் அதே வாசனைதான்.

போட்டில் தனக்கிருந்த பங்கை விற்றுத்தான் நைனா அந்தப் பழைய காரை வாங்கினார். எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஆட்களை ஏற்றி இறக்க வண்டி எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் கடலை விட்டது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வண்டி முதல் மாதச் சம்பளத்தைக் கொண்டுவரட்டும், அப்புறம் வருகிறேன் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு, தங்கையைத் தூக்கிக்கொண்டு காசிமேட்டிலிருந்த மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடம் இங்கே என்பதால் நான் மட்டும் தங்கினேன்.

வீட்டில் நைனா, நான், அப்புறம் மூலையில் மரச்சட்டத்தில் நிமிர்ந்து நின்ற போட் எஞ்சின். பங்கை விற்றவர் அதை மட்டும் விற்காமல் பழைய லுங்கி ஒன்றால் போர்த்தி வைத்திருந்தார். அம்மா பாய் விரிக்கும் இடத்தில் அது நின்றதால், விளக்கை அணைத்த பிறகு வீட்டு ஆள் ஒருவர் அங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டு தூங்கிப்போவேன். மாலையில் காரின் பின்சீட்டில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வீட்டுப்பாடம் எழுதுவேன். தெருப் பையன்கள் என்னை "கார் வூட்டுப் புள்ள" என்று கூப்பிட்டார்களே தவிர, ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் நைனா "போட் ஆயில்" டப்பாவைத் திறந்து டேங்கில் கொஞ்சம் ஊற்றுவார். போட் எஞ்சினுக்குப் பெட்ரோலோடு எண்ணெய் கலக்காவிட்டால் உள்ளே தேய்ந்து கடலிலேயே நின்றுவிடும். அவர் அறிந்த எஞ்சின் அதுதான். கொஞ்ச நாளில் கார் மேம்பாலம் ஏறவே திணறியது. கம்பெனி கேட்ட புகைச் சான்றிதழுக்காகப் போன இடத்தில், சைலன்சருக்குள் குழாயை விட்டுப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

ராயபுரத்து மெக்கானிக் பாய் காருக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அதற்குள் தேன்கூடுபோல் பொடிப்பொடியான கண்கள். எஞ்சின் விடும் நச்சுப்புகை, சூடேறிய அந்தக் கண்களுக்குள் நுழைந்து போகும்போது, அவற்றில் பூசியிருக்கும் உலோகம் அதைக் கெடுதல் குறைந்த காற்றாக மாற்றிவிடுமாம். எங்கள் பெட்டியில் வெளிச்சம் மறுபக்கம் வரவேயில்லை.

"இன்னா மாமு, பெட்ரோல்ல ஆயில் கலந்துகினு கீறியா?"

"கலக்காம? எஞ்சின் ஜாம் ஆயிடாது?"

"அது போட்டு. இதுக்கு ஆயில் தனியா அடியில கீது. நீ ஊத்துனதெல்லாம் எரிஞ்சி சாம்பலாயி இங்க குந்திகினு கீது. வண்டி எப்டி மூச்சு வுடும்?"

கம்பியால் உள்ளே இடித்துக் கொட்டிவிட்டு வெறும் டப்பாவை மாட்டிக்கொண்டால் வண்டி பறக்கும், பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றார் பாய். பெட்டியைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்த நைனா, அப்படிச் செய்தால் புகை டெஸ்டில் பாஸாகுமா என்று மட்டும் கேட்டார்.

"அது ஆவாது."

மறுநாள் நைனா சொல்லியனுப்ப, மாமா மீன்பாடி வண்டியோடு வந்தார். இருவருமாக எஞ்சினைத் தூக்கி ஏற்றினார்கள். லுங்கியை மட்டும் நைனா உருவிக்கொண்டார்.

"இத்த குட்துட்டா அப்பால கடலுக்கு எப்டி போவ மாப்ள?"

"உன் தங்கச்சி வூட்டுக்கு வரட்டும்."

புதுப் பெட்டி மாட்டிய கார் நீலப்புகை விடாமல் கம்பெனி வாசலைத் தாண்டியது. முதல் சம்பளம் வந்தது, அம்மாவும் வந்து, காலியாகக் கிடந்த மூலையில் பாயை விரித்தாள். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்து முடித்த பிறகுதான் அந்தத் தேன்கூட்டின் முழு வேலையும் எனக்குப் புரிந்தது. அந்தக் கார் இப்போது இல்லை. போட் இழுத்து நிறுத்திய மணலும் இல்லை, கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். நைனா டிரைவராகவே இருந்துவிட்டார். மாமாவின் போட் கரை திரும்பும்போது கல்மேல் நின்று தன் பழைய எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர், அந்த எஞ்சினும் பழுதாகிக் காயலான் கடைக்குப் போனபின் அங்கே போவதில்லை.

அந்தப் புதுப் பெட்டியின் விலை இருபத்திரண்டாயிரம் ரூபாய். எஞ்சினுக்கு மாமா கொடுத்ததும் அதுதான்.