கோடிக்கால்வாயின் மேல் ஒரு சாலை

ஏரி கோடி போகிற சத்தத்தை நான் முதலில் உள்ளங்காலில்தான் கேட்பேன். ஐப்பசி முடியும் தறுவாயில் ஒரு விடியற்காலை, எழுந்து கால் ஊன்றியதும் சிமெண்டுத் தரை லேசாக அதிரும், அதற்குப் பிறகே லாரி ஒன்று எஞ்சினை அணைக்காமல் தூரத்தில் நிற்பதுபோன்ற இரைச்சல் காதுக்கு வந்து சேரும். ஏரி நிறைந்து, மிகுந்த நீர் கலங்கலைத் தாண்டி வழிவதற்கு எங்கள் பக்கத்தில் 'கோடி போவுது' என்று பெயர். ஊர்ப் பிள்ளைகளிடம் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்ட என் மகள் நித்யா போர்வைக்குள்ளிருந்தே அதைக் கத்துவாள். பிறகு சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு கெண்டைக் குஞ்சு பிடிக்க ஓடிவிடுவாள். இங்கே நான் நினைவுகூரும் இளமைக்காலம் அவளுடையது. பல ஆண்டுகள் காத்திருந்து பெற்ற பிள்ளை என்பதால், அவளுடைய ஒவ்வொரு மழைக்காலமும் எனக்கு நினைவிருக்கிறது, ஒன்று மட்டும் அளவுக்கு மீறி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையை ஒட்டி மனைகள் போட்டபோது, கல்பாக்கத்தில் வேலை பார்த்த சில குடும்பங்களோடு நாங்களும் ஒன்று வாங்கினோம். ஏரிகளைப் பராமரிக்கும் துறையில் நான் பொறியாளனாக இருந்தேன். பெரிய சாலைக்கும் எங்கள் மனைகளுக்கும் நடுவே, ஏரியின் மிகுநீரைக் கீழ் ஏரிக்குக் கொண்டுபோகும் கோடிக்கால்வாய் ஓடியது. 'ஓடியது' என்று சொன்னாலும் ஆண்டில் பெரும்பகுதி அது காய்ந்துதான் கிடக்கும். மனை விற்றவர்கள் அதைப் 'பள்ளம்' என்றார்கள். அதன் அடியில் இரண்டு சிமெண்டுக் குழாய்களைப் பதித்து, மேலே கிராவல் கொட்டிச் சாலை போட்டார்கள். அங்கே பாலம்தான் கட்ட வேண்டும் என்று படித்த எவனுக்கும் தெரியும். பாலம் என்றால் அடுத்த ஆண்டாகும். எங்கள் கிரகப்பிரவேசத்துக்கோ முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. குழாயே போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கார்த்திகையில் மழை விடவே இல்லை. ஆகாயத்தாமரையும் வைக்கோலும் பிளாஸ்டிக் பைகளும் அடித்துக்கொண்டு வந்து குழாய்களை அடைத்துக்கொண்டன. சாலையே ஒரு கரையாகிவிட, தேங்கிய நீர் பின்வாங்கி, கால்வாய் ஓரத்துக் குடிசைகளுக்குள் ஏறத் தொடங்கியது. சாலைக்கு அந்தப் பக்கம் கீழ் ஏரி பாதிகூட நிரம்பாமல் கிடந்தது. ஒரே நீர் இங்கே வெள்ளமாகவும் அங்கே பஞ்சமாகவும் நிற்க, நடுவில் என் வீட்டுக்குப் போகும் பாதை இருந்தது.

நண்பகல் கழிந்ததும் கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஆட்கள் வந்து, சாலையில் நின்றிருந்த என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்றவர், எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அஞ்சலை.

"இன்னா சார், சும்மா பாத்துகினு நிக்கிற? வூட்டுக்குள்ள தண்ணி பூந்துகினு கீது. ரோட்ட வெட்டுன்னு ஒரு வார்த்த சொல்லு."

"மேல இருந்து உத்தரவு வரணும்மா."

"நீ சொல்லவே வாணாம். அந்தாண்ட திரும்பி நில்லு, நாங்க வெட்டிக்கிறோம்."

சிரித்தார்கள். "அண்ணாத்த, ரோடு பூட்டா சாருக்கு பால் பாக்கெட்டு எப்டி வரும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் சீண்டியது. என் வாய் தானாகச் சொன்னது: "ஸ்கூல் வேன் இன்னும் வரலை. பிள்ளைங்க உள்ள வந்ததும் வெட்டலாம்."

சிரிப்பு அடங்கிவிட்டது. அஞ்சலை கடப்பாரையைத் தரையில் சாய்த்தார். "புள்ளைங்க வரட்டும் சார்" என்றார்.

சற்று நேரத்தில் கரீம் பாய் முழங்கால் நீரில் நடந்து வந்தார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பெரிய சாலை முனையில் மரக்கடை வைத்திருந்தார். என் காதருகே குனிந்து, "பேஜாராவாதீங்க சார், வேன நம்ம கடையாண்டயே நிறுத்திட்டேன். பசங்க பன்னு துன்னுகினு கீதுங்க. உங்க பொண்ணு ரெண்டாவது பன்னு கேக்குது" என்றார்.

நான் அதைச் சொல்லவில்லை. இன்னொருவர் கேட்டபோது, "வேன் வரட்டும்" என்றேன். பாய் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். வெட்டினால் குழாய்கள் வெளியே தெரியும். யார் அனுமதித்தது என்று கேட்பார்கள். மழை குறைந்துவிடும், நீர் தானே வடிந்துவிடும் என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயும் முன்பு ஈரச் சுவர் ஒன்று சரிந்தது. சாமான்களை எடுக்க உள்ளே போயிருந்த அஞ்சலையின் கணவர் அதில் சிக்கினார். உயிர் பிழைத்தார், ஆனால் வலது கால் பிறகு ஊன்றவே இல்லை. அதற்கப்புறம் எவரும் என்னிடம் கேட்கவில்லை, வெட்டினார்கள். பாய்ந்த வேகத்தில் குடிசைகளுக்குள் ஏறியிருந்த நீர் சற்று நேரத்திலேயே வடிந்தது.

மேலே விசாரித்தபோது மழையின் மீது பழியைப் போட்டேன். சாலையை மறுபடி, முன்னைவிட உயரமாக, அதே குழாய்களோடு போட்டார்கள். மழையை எந்த அரசும் கொண்டுவருவதில்லை. வந்த நீர் எந்த வழியே போக வேண்டும், எங்கே தங்க வேண்டும் என்று பார்ப்பதுதான் அதன் வேலை. அன்று அந்தச் சாலையில் அரசு என்று நின்றவன் நான் ஒருவன்தான்.

பிள்ளைகளுக்காகக் காத்திருந்த மனிதர் என்று எங்கள் தெருவில் எனக்கு நல்ல பெயர். நித்யா நாவலூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, யாரோ அதைப் புகழ்ந்து சொன்ன ஒரு நாள், என்னைத் தனியே கேட்டாள்: "நாங்க கடையிலதானேப்பா இருந்தோம்? உங்ககிட்ட சொல்லிட்டேன்னு பாய் மாமா வந்து சொன்னாரே. அப்ப யாருக்காக வெட்ட விடாம நிறுத்தி வெச்சீங்க?"

இப்போது கோடிச் சத்தம் இல்லை. கீழ் ஏரிக்குள்ளேயே வீடுகள் வந்துவிட்டன; கால்வாயில் பாதியைச் சுற்றுச்சுவர்கள் விழுங்கிவிட்டன; வெயில் காலத்தில் அதே சாலை வழியாகத் தண்ணீர் லாரிகள் வருகின்றன. போன ஆடியில் அஞ்சலையின் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வேன் கடையருகே வந்து நின்றுவிட்டது தெரிந்தும் மறைத்தேன் என்பதையும் சொன்னேன். உள்ளே கட்டிலில் அவர் கணவர் படுத்திருந்தார்.

அஞ்சலை முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தார். வெகுநேரம் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"சொல்லிட்ட, சரி. பாலம் எப்ப சார் கட்டுவீங்க?"

நான் ஓய்வு பெற்று எத்தனையோ மழை போய்விட்டிருந்தது. திரும்பும்போது சாலையில் நின்று குனிந்து பார்த்தேன். ஒரு குழாய் முழுக்க மண், மற்றதில் பாதி. ஐப்பசிக்கு இன்னும் நாள் இருந்தது.