மாமனார் கட்டிவிட்ட வாட்ச்

பிரிக்பீல்ட்ஸில் விலை உயர்ந்த பழைய வாட்ச்களை வாங்கி விற்கிறேன். அசலா போலியா என்று கேட்டும் ஆட்கள் வருவார்கள். அப்படி வந்தவர்தான் அந்தப் புதுமாப்பிள்ளை. விரல்களில் மருதாணிச் சிவப்பு இன்னும் மங்கவில்லை. உட்கார்ந்ததிலிருந்து வெறுமையான இடது மணிக்கட்டைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“மண்டபத்துல மாமா கட்டிவிட்டது அண்ணே. ஒரிஜினலான்னு பாருங்க.”

பின்மூடியைத் திறந்து, லென்ஸைக் கண்ணில் பொருத்தி நிதானமாகப் பார்த்தேன். என் தொழிலில் நல்ல செய்தி சொல்லக் கிடைப்பது அபூர்வம். வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன்.

“ஒரிஜினல்தான் தம்பி!”

அவர் முகம் சுண்டிப்போயிற்று.

“நல்லா பாத்தீங்களா அண்ணே?”

“சந்தேகமே வேணாம் லா. ஏன்?”

“மாமா கேரி தீவுல செம்பனைத் தோட்டத்துல லோரி ஓட்டுறாரு. அவராவது ஒரிஜினல் வாங்குறதாவது, ராத்திரிச் சந்தை பாசார் மாலாம் சரக்குன்னு பந்தியில கூட்டாளிங்க சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். திரும்பினா, சாம்பார் வாளியோட பின்னாடி மாமா நிக்கிறாரு.”

“ஏதாச்சும் சொன்னாரா?”

“எனக்கு சாம்பார் ஊத்திட்டுப் போனாரு.”

பல்லைக் காட்டியதற்கு எனக்கே கூசியது. மூடியை அழுத்திப் பொருத்தி வாட்சை அவர் முன் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

அப்போது அவருடைய போன் ஒலித்தது. திரையில் ‘மாமா’ என்று இருந்தது. அவசர அவசரமாக வாட்சை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார். எழுந்து நின்றார். அதன் பிறகுதான் போனை எடுத்தார்.

“சொல்லுங்க மாமா.”

வீடியோ அழைப்புகூட இல்லை, வெறும் குரல்தான்.